ஆட்டிடம் சொன்ன சேதி

போன வாரம் உங்கள் அகராதி அலுவலகத்துக்கு வந்திருந்தேன். குளுகுளு அறை, ஆளுக்கொரு கணினி, காதில் ஒரு கருவி. உள்ளே நுழைந்து வெகுநேரம் ஆகியும் யாரும் யாரோடும் பேசவில்லை. "என்ன பிள்ளைகளா, எல்லாரும் மௌன விரதமா?" என்று கேட்டேன். உங்களில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "வேலை அப்படி மேடம். இங்கே ஆளாளுக்கு ஒரு தீவு" என்றாள்.

தீவு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கை பரபரத்துவிட்டது. அந்தச் சொல்லோடு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அகராதி வேலையில் உங்கள் அனுபவத்தைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் கேட்டபோது, எதை எழுதுவது என்று குழம்பிப்போய்த்தான் வந்தேன். அந்தப் பெண் வழி காட்டிவிட்டாள். அவள் நன்றாக இருக்கட்டும்.

எங்கள் அலுவலகம் சிம்மக்கல்லில், ஒரு பழ மண்டிக்கு மேல் மாடியில் இருந்தது. எழுபதுகளின் பிற்பகுதி. படியேறும்போதே வாழைத்தார் வாசம் தூக்கும். கீழே மூட்டை தூக்குகிறவர்களின் சத்தமும் டவுன் பஸ்ஸின் ஹாரனும் கேட்டுக்கொண்டே இருக்கும். மேலே நாங்கள் நாலைந்து பேர் சொற்களைப் பொறுக்கி, சொல்லுக்கு ஒரு அட்டையாக எழுதிக்கொண்டிருப்போம். நாங்கள் செய்தது அகர வரிசை அகராதி இல்லை, பொருள்வாரியாகப் பிரித்தது. உழவுச் சொற்கள் ஒரு கட்டு, சமையல் சொற்கள் ஒரு கட்டு, இப்படி. எனக்கு வந்த கட்டின் தலைப்பு: 'தனித்திருத்தல்'. கல்யாணமாகாத பெண்ணுக்குக் கொடுக்கிற கட்டைப் பார் என்று எங்கள் வீட்டில் ஒரே கிண்டல்.

தலைமை ஆசிரியரை நாங்கள் ஐயா என்றுதான் சொல்வோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஒல்லியான மனிதர். வாய் திறந்தால் கேள்விதான் வரும். பதில் சொல்கிற பழக்கமே கிடையாது. அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பேச்சுவழக்குச் சொல் ஒன்றைச் சேர்த்தால், அதைப் பேசிக் காட்டியவரின் வாக்கியத்தை அப்படியே போட்டு, பக்கத்திலேயே அவர் பெயரையும் ஊரையும் அச்சிட வேண்டும். "புலவர் பாட்டுக்குக் கீழே புலவர் பேரைப் போடுறோம். புளி விக்கிற அம்மா சொன்னதுக்குக் கீழே அந்தம்மா பேரைப் போடுறதுக்கு என்ன கேடு?" என்பார். ஆள் பெயர் இல்லாத வாக்கியம் எங்கள் அகராதியில் அச்சேறாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

முதலில் தீவு. வடமொழியில் த்வீபம். இரு பக்கமும் நீர் உள்ளது என்று அதைப் பிரிப்பார்கள். அது பிராகிருதம் வழியாகத் தேய்ந்து தீவாகி நம்மிடம் வந்து சேர்ந்தது. ஆற்றுக்கு நடுவே நிற்கும் நிலத்துக்கு நம்முடைய பழைய சொற்கள் வேறு இருக்கின்றன: துருத்தி, அரங்கம், ஆற்றிடைக்குறை. குறை என்றால் அங்கே துண்டு. ஆறு வெட்டிப் போட்ட துண்டு. கண்மாய்க்குள் மேடாக நிற்பது திட்டு. இதையெல்லாம் புத்தகங்களைப் பார்த்து எழுதிவிட்டேன். பொருள் எழுதும்போதுதான் பேனா நின்றுவிட்டது. நான் கடலைப் பார்த்ததே இல்லை. மதுரைக்காரிக்கு ஏது தீவு?

ஐயாவிடம் சொன்னேன். "தெப்பக்குளம் பார்த்திருக்கீங்கல்ல? போய் உக்காந்து எழுதிட்டு வாங்க" என்றார். போனேன். தெப்பத் திருவிழா வரும் தை மாதம் தவிர அந்தக் காலத்தில் குளம் பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும். நான் போனபோதும் அப்படித்தான். மைய மண்டபத்தைச் சுற்றிப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். 'நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம்' என்று எழுத அங்கே எனக்கு மனசு வரவில்லை. திரும்பி வந்து, "ஐயா, தண்ணி வத்திப்போனா அது தீவா இல்லையா?" என்று கேட்டேன். வழக்கம் போலப் பதிலுக்கு ஒரு கேள்விதான் வந்தது. "தண்ணியே இல்லாம ஒரு ஆள் தீவா இருக்க முடியுமா? அதைத் தேடிப் பாருங்க" என்றார்.

அதற்கு எனக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. மின்சார ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பாவை மேலதிகாரி ஒருவர், "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மிரட்டி, சொன்னபடியே கிழக்கே ஒரு வறண்ட ஊருக்கு மாற்றியும் விட்டார். அம்மா அன்றைக்கு அழுத அழுகை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய குற்றத்துக்குத் தீவாந்தர தண்டனை. தீவாந்தரம் என்றால் வேறொரு தீவு, அவ்வளவுதான். கடலுக்கு நடுவே கொண்டுபோய் விடுவது. நம் ஊர்க்காரர்கள் அதைத் திருப்பிப் போட்டுத் தண்ணியே இல்லாத இடத்தைத் தண்டனை ஆக்கிவிட்டார்கள். இந்த இரண்டு அட்டைகளையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டியபோது ஐயா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் ஏகாந்தம். ஒண்டி. தனி. வசதியுள்ளவன் ஒதுங்கி இருந்தால் ஏகாந்தம் என்கிறோம், இல்லாதவன் இருந்தால் ஒண்டிக்கட்டை என்கிறோம். சொல்லுக்கும் ஆள் பார்க்கத் தெரிந்திருக்கிறது. இந்த எரிச்சலோடுதான் நான் ஒதுக்கு என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தேன்.

நாகமலைக்கு மேற்கே, பஸ் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் வரும் ஒரு விவசாய ஊர். பெயரை இங்கே சொல்லமாட்டேன், அகராதியில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் எங்களுக்கு அடிக்கடி சொற்கள் எழுதி அனுப்புவார். நல்ல மனிதர், ஆர்வமான மனிதர். அந்த ஊர்ப் பெரியாம்பளையின் மருமகன். பெரியாம்பளை என்றால் ஊர்க்கூட்டத்தில் தீர்ப்புச் சொல்கிறவர். கண்மாய்ச் சொற்கள் கேட்பதற்காக அங்கே போயிருந்தேன். வேலை முடிந்து பஸ்ஸுக்குத் திரும்பும்போது உச்சி வெயில். தொண்டை வறண்டுவிட்டது. ஊர்க் கடைசியில் ஒரு ஓட்டு வீடு. வாசலில் ஒரு அம்மாள் வெள்ளாட்டுக்கு அகத்திக்கீரை போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ வெளியூரா தாயி?"

"மதுரைதான்க்கா. வாத்தியாரப் பாக்க வந்தேன்."

"அதேன் கேக்குற. எங்க வீட்டுத் தண்ணிய இந்த ஊருல யாரும் தொடமாட்டாக. எங்கள ஒதுக்கி வச்சிருக்காக. தொட்டா அபராதம். குடிச்சிட்டுப் பொறகு சங்கடப்படாத."

எனக்குச் சுருக்கென்றது. "எனக்கு யாரு அபராதம் போடுறது அக்கா? குடுங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்த விதத்தை நான் மறக்கவில்லை. வெங்கலச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, நிறைய மொண்டு கொண்டுவந்தார். குடித்தேன். அவர் பெயர் பஞ்சவர்ணம்.

விஷயம் இதுதான். வரப்புத் தகராறு ஒன்றில் ஊர்க்கூட்டம் சொன்ன தீர்ப்பு பிடிக்காமல், அவர் வீட்டுக்காரர் மதுரைக் கோர்ட்டுக்குப் போய்விட்டார். ஊரை மதிக்காதவனுக்கு ஊர் எதற்கு என்று பெரியாம்பளை கட்டுப்பாடு போட்டுவிட்டார். யாரும் அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது, நெருப்புக் கொடுக்கக்கூடாது, கடையில் சாமான் தரக்கூடாது, நல்லது கெட்டதுக்குக் கூப்பிடக்கூடாது, பேசக்கூடாது. மீறினால் அபராதம். முடிவெட்டிக்கொள்ளக்கூட அவர் வீட்டுக்காரர் பஸ் ஏறித்தான் போக வேண்டும். இப்படியே வருஷக்கணக்காக ஓடிவிட்டது.

"எங்கள ஊரு ஒதுக்கி வச்சிருக்கு, ஆனா எங்க வீடு எங்கிட்டும் போகல, இங்கனயேதேன் இருக்கு" என்றார் பஞ்சவர்ணம்.

ஐயா கேட்ட தண்ணீரில்லாத தீவு எனக்குக் கிடைத்துவிட்டது. பையில் இருந்து அட்டையை எடுத்து, அவரிடம் சொல்லிவிட்டே எழுதிக்கொண்டேன். அகராதி என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். "எம் பேச்செல்லாம் பொஸ்தகத்துல வருமா?" என்று சிரித்தார்.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அம்மாள் வந்து நின்றார். எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. வேலியோரம் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"ஏ ஆடே! நாளைக்கு மில்லுல அரவை கெடையாதாம். மாவு அரைக்கணும்னா இன்னைக்கே பக்கத்தூருக்குப் போயிரணும், கேட்டுக்க."

பஞ்சவர்ணமும் அந்த அம்மாளைப் பார்க்கவில்லை. ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டு, "கேட்டுக்கிட்டியா கழுத? நல்லவேள சொன்னாக. அவுக காலு வீக்கம் வத்திருச்சான்னு கேளு" என்றார்.

"வத்திருச்சு ஆடே, வத்திருச்சு. நொச்சி எலதேன் கேட்டுச்சு" என்றபடி அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பஞ்சவர்ணம் குரலைத் தாழ்த்தி, "மூக்கம்மா. எங்கூட வாக்கப்பட்டு வந்தவ. எங்ககூடப் பேசக்கூடாதுன்னுதான கட்டுப்பாடு? ஆட்டுகூடப் பேசக்கூடாதுன்னு சொல்லலயே" என்றார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடிப்பாவி மக்கா, நீங்கள் எங்கேயோ இருக்க வேண்டியவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டுச் சேதியையும் பஞ்சவர்ணம் சொன்னபடியே இன்னொரு வாக்கியமாக எழுதிக்கொண்டு வந்தேன்.

இரண்டு வாக்கியங்களையும் படித்துவிட்டு ஐயா அட்டையைக் கட்டின் நடுவில் செருகினார். "கட்டுல இதுதான் நடு அட்டை" என்றார். கட்டு அச்சுக்குப் போனது. ஈய எழுத்துக் கோத்து அடிக்கிற காலம் அது. பொங்கலுக்குப் புத்தகம் வெளியிடுவதாக அறக்கட்டளைத் தலைவர் அழைப்பிதழே அடித்துவிட்டார். அவர் பெரிய ஜவுளிக்கடை முதலாளி. எங்களுக்குச் சம்பளம் தருகிறவர்.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். மேஜை மேல் அந்தப் பக்கமே விரிந்து கிடந்தது: ஒதுக்கு, இரண்டு வாக்கியங்கள், பஞ்சவர்ணம் என்ற பெயர், ஊர்ப் பெயர். படியேறி யாரோ வரும் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், வாத்தியார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"எங்க ஊர் பேரு அச்சுல வருதுன்னு எங்க மாமாவுக்கு ஏக சந்தோஷம் டீச்சர். எங்க ஊர்ச் சொல்லு எதெது வந்திருக்குன்னு ஒரு பார்வை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். படித்த பெண் யாராக இருந்தாலும் அவருக்கு டீச்சர்தான்.

நான் மெய்ப்பைத் திருப்பிப் போட்டு அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டேன். "திருத்தம் முடியாத தாளை வெளியே காட்டுறதில்ல சார். எங்க ஐயா தொலைச்சுப்புடுவாரு" என்றேன். அது எங்கள் வழக்கமும்தான். பேச்சை மாற்றவே டீ வரவழைத்தேன். அவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக, "ஊர்க் கடைசில ஒரு வீடு ஒதுக்கி வச்சிருந்துச்சே, இந்தப் பொங்கலுக்கு அவுகள ஊரோட சேக்கப்போறோம் டீச்சர்" என்றார். "கேஸ வாபஸ் வாங்கிட்டாக. பொண்ணுக்குச் சோழவந்தான் பக்கம் நல்ல எடம் வந்திருக்கு. ஊரோட சேந்த வீடுன்னாத்தேன் பொண்ணெடுப்போம்னு மாப்ள வீட்டுல ஒத்தக்கால்ல நிக்கிறாக. தை கடைசில கல்யாணம். மாமாவும் மனசெறங்கிட்டாரு. ஒண்ணே ஒண்ணுதேன் சொல்லியிருக்காரு, இனிமே ஊர் விசயத்த வெளிய கொண்டுபோகக் கூடாது. அப்புடிக் கொண்டுபோனதாத் தெரிஞ்சா பழையபடிதேன்."

ஊர் விஷயம் என் உள்ளங்கைக்குக் கீழே ஈய எழுத்தில் அடித்துக் கிடக்கிறது. பொங்கலுக்குப் புத்தகம் வெளியாகும். முதல் பிரதிகளில் ஒன்று வாத்தியாருக்குப் போகும். தை கடைசியில் நடக்க வேண்டிய கல்யாணம் நின்றுபோகும். மூக்கம்மா சங்கதியும் வெளிவந்து அவரும் மாட்டிக்கொள்வார். வாத்தியார் விடைபெற்றுப் படியிறங்கியதும் நான் ஐயா அறைக்கு ஓடினேன்.

"ஐயா, அந்தம்மா பேரை எடுத்துருவோம். இல்லேன்னா அட்டையையே எடுத்துருவோம்" என்று மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "அந்தம்மாவக் கேட்டீங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுல கேக்குறதுக்கு என்ன ஐயா இருக்கு? ஒரு பொண்ணு கல்யாணம் நின்னு போயிரும். உங்களுக்கு உங்க வழக்கம்தான் பெருசா?" என்று கத்தினேன். கீழே மண்டியில் இருப்பவர்களுக்கே கேட்டிருக்கும்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "வழக்கத்த விடுங்க. அது அந்தம்மா பேச்சு, அந்தம்மா பேரு. அவங்க பேச்ச நிறுத்தணும்னு ஊரு முடிவு பண்ணுச்சு, அவங்களக் கேக்கல. இப்ப பேர எடுக்கணும்னு நாம முடிவு பண்றோம், நாமளும் கேக்கல. என்னம்மா வித்தியாசம்? கேட்டுட்டு வாங்க. எடுக்கச் சொன்னா எடுத்துருவோம். அதுவரைக்கும் அந்தப் பாரம் மெஷின்ல ஏறாது" என்றார். பாரம் என்பது ஒரே தாளில் அச்சாகும் பதினாறு பக்கம். கோபத்தோடு வெளியே வந்தேன். ஆனால் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பஞ்சவர்ணம் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார். மகள் செல்வியும் கூட இருந்தாள். கல்யாணக் களை முகத்தில் அப்படியே தெரிந்தது. வரப்பில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒளிக்காமல் சொன்னேன். மெய்ப்பை எடுத்து இரண்டு வாக்கியங்களையும் வாசித்துக் காட்டினேன்.

செல்வி பதறிவிட்டாள். "அம்மா, வேணாம்மா. எல்லாத்தையும் எடுத்துரச் சொல்லும்மா."

பஞ்சவர்ணம் கையில் இருந்த மண்ணை உதறினார். பிறகு, "எம் பேர எங்க போட்டிருக்கு, காட்டு" என்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான் விரலை வைத்துக் காட்டினேன். அவர் விரலை அதன் மேல் வைத்துக்கொண்டார்.

"எத்தன வருசமாச்சு தெரியுமா தாயி, இந்த ஊருல ஒருத்தி என்னையப் பேரு சொல்லிக் கூப்புட்டு? மூக்கம்மாகூட ஆடேன்னுதேன் கூப்புடுறா. நானே எம்பேர மறந்துருவேனோன்னு சமயத்துல பயமா இருக்கும். இதுல எம்புட்டு அழகா எழுதியிருக்கீக. இத எடுக்காத."

"அம்மா!" என்றாள் செல்வி.

"பொறுடி. ஒங்கல்யாணத்துக்கு ஒரு கொறையும் வராது." என் பக்கம் திரும்பினார். "மக கழுத்துல தாலி ஏறட்டும். அதுவரைக்கும் பொஸ்தகம் பொறுக்குமா?"

"கேட்டுச் சொல்றேன்க்கா. ஆனா அதுக்கப்புறம் வந்தாலும், ஊர் விசயத்த வெளிய சொன்னீகன்னு கேப்பாகளே?"

"கேக்கட்டும். நான் இதச் சொன்னது எப்ப? ஒதுக்கி வச்சிருக்கும்போது. அப்ப நான் ஊருலயே இல்லயே. ஊருல இல்லாதவளுக்கு ஊர்க்கட்டுப்பாடு ஏது?" என்றார். செல்விக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே பஞ்சவர்ணத்தின் முகம் மாறியது. "ஆனா அந்த ஆட்டுப் பேச்ச மட்டும் எடுத்துரு. அது எஞ்சேதி இல்ல, மூக்கம்மா சேதி. அவ ஊருக்குள்ள இருந்துக்கிட்டு எனக்குச் செஞ்சது. அதக் காட்டிக்குடுத்தா நான் மனுசியே இல்ல. இத்தன வருசமா எனக்கு ஆத்தாவா இருந்தவ அவ."

தோழியாக இருந்தவள் என்று சொல்லவந்தார், தாயாக இருந்தவள் என்று சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். இல்லை, அவர் சரியாகத்தான் சொன்னார் என்று பிறகு புரிந்தது.

ஐயாவிடம் வந்து சொன்னேன். அவர் அந்த இரண்டாவது வாக்கியத்தைத் தானே சிவப்பு மையால் அடித்தார். அவர் கையால் ஒரு பேச்சுவழக்கு வாக்கியத்தை அடித்து நான் பார்த்தது அது ஒன்றுதான். "அகராதிக்கு நட்டம்தான். இருக்கட்டும்" என்றார். மறுநாள் ஜவுளிக்கடை முதலாளி வந்தார். கதவு சாத்தியிருந்தும் பேச்சு எனக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது. அழைப்பிதழ் அடிச்சாச்சு, பெரிய மனுசங்களுக்குச் சொல்லியாச்சு, என் மானத்த வாங்குறீங்களே, வேலை செய்யிற எடமா இது, சத்திரமா என்று அவர் கத்தினார். ஐயா ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரு பாரம் தயாராகல. மாசிலதான் ஆகும்." ஏன் என்று கடைசி வரை சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அந்த வசவில் பாதி குறைந்திருக்கும். நான் அவர் மேல் கத்தியதற்கும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அந்த மனிதரிடம் வேலை கற்றது என் பாக்கியம்.

பொங்கலுக்குப் பஞ்சவர்ணம் வீட்டுக்காரர் கோயில் வாசலில் விழுந்து கும்பிட, ஊர் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. தை கடைசியில் கல்யாணம். எனக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு வந்தது. போனேன்.

அந்த ஓட்டு வீட்டு வாசலில் பந்தல். ஊரே வந்திருந்தது. வந்தார்களே தவிர, பேச்சு வரவில்லை. வருஷக்கணக்காகப் பேசாத வாய்கள். எதிரெதிரே வந்தால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்கள். பஞ்சவர்ணம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, எல்லாரையும் வாங்க வாங்க என்று கும்பிட்டுக் கும்பிட்டுக் களைத்துப்போயிருந்தார். வாசலில் சேர் போட்டுப் பெரியாம்பளை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாத்தியார்.

மூக்கம்மா தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு வந்தார். நேரே பஞ்சவர்ணத்துக்கு எதிரே வந்து நின்றார். இனி நேருக்கு நேர் பேசலாம், யாரும் கேட்க முடியாது. வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. சட்டென்று தலையைத் திருப்பி, வேலியோரம் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டார்:

"ஏ ஆடே! இந்தச் சேல ஒங்க ஆத்தாளுக்கு எம்புட்டு நல்லாருக்குன்னு சொல்லு!"

பழக்கதோஷம். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பந்தல் அப்படியே அடங்கிவிட்டது. எல்லார் கண்ணும் பெரியாம்பளை பக்கம் போனது. தாலி இன்னும் ஏறவில்லை. செல்வி மணவறையிலிருந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியாம்பளை மெதுவாக மீசையைத் தடவினார். ஆட்டைப் பார்த்தார். "ஏ ஆடே" என்றார், கனத்த குரலில். "நேரமாச்சு, மேளத்தக் கொட்டச் சொல்லு."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது. கெட்டிமேளம் முழங்கியது. அந்தச் சத்தத்துக்குள் மூக்கம்மா தாம்பாளத்தை யார் கையிலோ திணித்துவிட்டு, "ஏ பஞ்சவர்ணம்! ஏ பஞ்சவர்ணம்!" என்று கூப்பிட்டுக்கொண்டே கட்டிப்பிடித்தார். இரண்டு பேரும் அழுத அழுகையில் அட்சதை போடவே மறந்துவிட்டார்கள். நானும் மறந்துவிட்டேன். பெரியாம்பளை மேல் எனக்கிருந்த கோபம் மட்டும் போகவில்லை. தெரிந்தும் அத்தனை வருஷம் அவர்களை அப்படி வைத்திருந்தாரே, அதற்கு என்ன சமாதானம் சொல்வது? ஆனாலும் அந்த ஒரு நிமிஷத்துக்கு அவருக்கும் ஒரு கும்பிடு.

மாசியில் புத்தகம் வந்தது. ஒதுக்கு என்ற சொல்லுக்குக் கீழே ஒரே ஒரு வாக்கியம், பஞ்சவர்ணம் என்ற பெயரோடு. வாத்தியார் வந்து தன் பிரதியை வாங்கிக்கொண்டார். ஒதுக்கு இருக்கும் பக்கத்தைப் புரட்டி வாசித்தார். நான் தயாராக இருந்தேன், ஊரில் இல்லாதவளுக்கு ஊர்க்கட்டுப்பாடு ஏது என்று கேட்டுவிட வேண்டியதுதான் என்று. அவர் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சரியாத்தேன் சொல்லியிருக்கு அந்த அக்கா" என்றார். அவ்வளவுதான்.

பிள்ளைகளே, உங்களுக்கு இன்று ஒரு பொத்தானைத் தட்டினால் லட்சம் வாக்கியம் வந்து கொட்டும் என்கிறார்கள். சந்தோஷம். ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு வாய் சொல்லியிருக்கிறது. யாருடைய பேச்சையாவது சேர்க்கவோ நீக்கவோ கை போகும்போது, "அந்தம்மாவக் கேட்டீங்களா?" என்ற எங்கள் ஐயாவின் அந்த ஒரு கேள்வி உங்கள் காதில் விழ வேண்டும். அவரும் இன்று இல்லை. பஞ்சவர்ணமும் இல்லை, மூக்கம்மாவும் இல்லை. அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்துத்தான் நான் இந்த வேலையில் நிலைத்தேன்.

ஆட்டுச் சேதியை எடுத்துரு என்று பஞ்சவர்ணம் சொன்னாரே, அப்புறம் ஏன் இங்கே எழுதினாய் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உங்களுக்கு இந்த வேலை சரிப்படாது. செல்வி இப்போது கே.கே. நகரில் மகன் வீட்டில் இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை போய், எழுதிய இவ்வளவையும் வாசித்துக் காட்டி, போடலாமா என்று கேட்டேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடுங்க டீச்சர். எங்கம்மா பேரையும் போடுங்க, மூக்கம்மா சித்தி பேரையும் போடுங்க" என்றாள். பிறகு, "அம்புட்டுப் பேச்சும் அதுகிட்டத்தேன் பேசுனாக. அந்த ஆட்டுக்கு மட்டும் ஒரு பேரு வைக்காம விட்டுட்டோமே" என்றாள்.